ஒரே ஒரு ஊசி அரைகுறை வைத்தியமா? அறுவைச் சிகிச்சையும் ஆண்டிபயாடிக்கும்

குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரை ஓரிரு நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கையில் தரும் டிஸ்சார்ஜ் தாளில் வலிக்குப் பாரசிட்டமால், மலச்சிக்கல் வராதிருக்க ஒரு மருந்து, காயத்தைக் காட்ட வரவேண்டிய தேதி ஆகியவை இருக்கின்றன, ஆண்டிபயாடிக் இல்லை. தில்லியில் கரோல் பாகிலோ மயூர் விஹாரிலோ ஆர்.கே. புரத்திலோ இருக்கும் தமிழ்க் குடும்பம் என்றால், அன்று மாலையே ஊரிலிருந்து தொலைபேசியில் கேள்வி வந்துவிடும்: "திருச்சியில சித்தப்பாவுக்கு இதே ஆபரேஷனுக்கு ஏழு நாள் மாத்திரை குடுத்தாங்களே, உங்க டாக்டர் எழுத மறந்துட்டாரா?" பல வீடுகளில் இரவுக்குள் தெருமுனைக் கெமிஸ்ட் கடையிலிருந்து ஓர் அட்டை மாத்திரை வந்து சேர்கிறது.

கேட்பவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. "ஆண்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தாதே, முழு கோர்ஸையும் முடி" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது "தேவையில்லாமல் ஆண்டிபயாடிக் சாப்பிடாதே, கிருமிகளுக்கு மருந்தெதிர்ப்பு வந்துவிடும்" என்று செய்திகள் எச்சரிக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒருவருக்கு, அறுவை அரங்கில் போட்ட ஒரே ஆண்டிபயாடிக் ஊசியோடு நிறுத்திக்கொள்வது பாதிக் கோர்ஸாகவே தோன்றும். ஆனால் பெரும்பாலான அறுவைகளுக்கு அந்த ஒரு ஊசிதான் முழுக் கோர்ஸ்.

தடுப்பும் சிகிச்சையும்

ஆண்டிபயாடிக் என்பது பாக்டீரியாவைக் கொல்லும் அல்லது அதன் பெருக்கத்தை நிறுத்தும் மருந்து. அறுவைச் சிகிச்சையில் அதற்கு இரண்டு வெவ்வேறு வேலைகள் உண்டு.

1. தடுப்பு. தொற்று இல்லாத உடலில், கத்தி படும் நேரத்தில் உள்ளே நுழையக்கூடிய கிருமிகளைச் சமாளிப்பதற்காக முன்கூட்டியே கொடுப்பது. குடலிறக்கம், மூட்டு மாற்று, சிசேரியன் போன்றவற்றில் கொடுப்பது இதுதான்.

2. சிகிச்சை. ஏற்கெனவே வேர்பிடித்துவிட்ட தொற்றை ஒழிப்பதற்காகக் கொடுப்பது. குடல்வால் வெடித்து வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தால் அறுவைக்குப் பின்னும் சில நாள் மருந்து தொடர வேண்டும்.

திருச்சிச் சித்தப்பாவுக்கு ஏழு நாள் மருந்து ஏன் கொடுத்தார்கள் என்பது இந்த இரண்டில் எது நடந்தது என்பதைப் பொறுத்தது. அவருக்குக் குடல் நெரிந்து அழுகியிருந்தால் அது சிகிச்சை. சாதாரணக் குடலிறக்கமாக இருந்து பழக்கத்தின்பேரில் எழுதிக் கொடுத்திருந்தால், அந்த மாத்திரைகளால் காயத்துக்குப் பயன் இருந்திருக்காது.

காயத்துக்குள் கிருமி வரும் வழி

அறுவைக் காயத்தில் சீழ் பிடிக்கக் காரணமாகும் கிருமிகளில் பெரும்பகுதி வெளியிலிருந்து பறந்து வருவதில்லை. அவை நோயாளியின் தோலிலும் மூக்கிலும் குடலிலும் ஏற்கெனவே வாழ்பவை. தோலை அறுக்கும் அறுவைகளில் முதல் எதிரி ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ். குடலைத் திறக்கும் அறுவைகளில் ஈ. கோலை, கிளெப்சியெல்லா போன்றவை. கிருமிநாசினி பூசினாலும் மயிர்க்கால்களின் ஆழத்தில் இருப்பவை தப்பிவிடுகின்றன என்பதால், எந்த அறுவையும் முற்றிலும் கிருமியில்லாமல் நடப்பதில்லை.

அப்படியானால் எல்லாக் காயமும் ஏன் சீழ் பிடிப்பதில்லை? எண்ணிக்கைதான் காரணம். 1957இல் எலெக், கோனன் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டஃபிலோகாக்கஸைச் செலுத்திப் பார்த்தார்கள். ஆரோக்கியமான தோலில் சீழ் உண்டாகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிருமிகள் தேவைப்பட்டன. அதே தோலில் ஒரு பட்டுத் தையல் நூல் கிடந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. உடலுக்கு அந்நியமான பொருள் ஒன்று உள்ளே இருந்தால் பாதுகாப்பு எவ்வளவு சரிகிறது என்பதை இது காட்டுகிறது. செயற்கை மூட்டும், குடலிறக்கத்துக்கு வைக்கும் வலையும் அத்தகைய பொருள்களே. அவற்றைப் பொருத்தும்போது தடுப்பு ஊசியை விடாமல் போடுவதும், தைராய்டு அறுவை போன்ற, எதையும் உள்ளே வைக்காத சுத்தமான சில அறுவைகளில் அந்த ஊசிகூடத் தேவைப்படாததும் இதனால்தான்.

ஏன் கத்தி வைப்பதற்கு முன்பே

1961இல் ஜான் பர்க் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் கினிப் பன்றிகளின் தோலில் ஸ்டஃபிலோகாக்கஸைச் செலுத்தி, ஆண்டிபயாடிக்கை வெவ்வேறு நேரங்களில் கொடுத்தார். கிருமி நுழையும் நேரத்தில் திசுவில் மருந்து இருந்தவற்றில் புண் பெரிதாகவில்லை. மூன்று மணி நேரம் தாமதித்துக் கொடுத்தவற்றுக்கும் மருந்தே கொடுக்காதவற்றுக்கும் வேறுபாடு இல்லை. கிருமி நுழைந்த முதல் சில மணி நேரத்தில்தான் வெற்றி தோல்வி முடிவாகிறது.

மனிதர்களிடம் இதைத் தெளிவாகக் காட்டியது 1992இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு. 2,847 நோயாளிகளில், கத்தி வைப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதத்தினருக்குக் காயத்தில் தொற்று ஏற்பட்டது. அதற்கும் முன்னதாகவே பெற்றவர்களில் அது 3.8 சதவீதம், அறுவை தொடங்கி மூன்று மணி நேரத்துக்குப் பின் பெற்றவர்களில் 3.3 சதவீதம். சீக்கிரம் கொடுத்தாலும் கெடுதல், தாமதமாகக் கொடுத்தாலும் கெடுதல்.

அறுவை அரங்கில் இது நடக்கும் விதம் மிக எளிமையானது, பார்வைக்கு அற்பமானது. செஃபசோலின் என்ற மருந்து சிறு கண்ணாடிக் குப்பியில் வெள்ளைப் பொடியாக இருக்கும். மயக்க மருத்துவர் அதில் நீரைச் செலுத்திக் குலுக்கி, பொடி முழுவதும் கரைந்த பிறகு, நோயாளியின் கையில் ஏற்கெனவே குத்தியிருக்கும் ஊசிக்குழாய் வழியே சில நிமிடங்களில் மெல்ல ஏற்றுவார். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 2 கிராம். கத்தியைக் கையில் எடுக்கும் முன் அரங்கில் இருப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று உலகச் சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புப் பட்டியலைப் படிக்கிறார்கள். அதில் ஒரு கேள்வி: கடந்த 60 நிமிடங்களுக்குள் தடுப்பு ஆண்டிபயாடிக் கொடுக்கப்பட்டதா?

அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால், அல்லது ஒன்றரை லிட்டருக்கு மேல் இரத்தம் போனால், இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்துவிடும் என்பதால் செஃபசோலினை அரங்கிலேயே இன்னொரு முறை கொடுப்பார்கள். முழங்கால் மாற்று அறுவையில் தொடையில் இறுக்குப்பட்டை கட்டினால், அதை இறுக்கும் முன்பே மருந்து ஏறியிருக்க வேண்டும். இறுக்கிய பின் கொடுத்தது காலுக்குப் போய்ச் சேராது. நேரத்தைப் பற்றிய இந்தக் கறார்தான் நோயாளியைக் காப்பாற்றுகிறது. ஏழு நாள் மாத்திரை அதற்கு ஈடாகாது.

தையல் போட்ட பிறகு

தோலின் விளிம்புகளைச் சேர்த்துத் தைத்ததும் புதிய கிருமிகள் நுழையும் வாசல் மூடப்படுகிறது. ஏற்கெனவே நுழைந்தவற்றை அரங்கில் கொடுத்த மருந்தும் உடலின் வெள்ளணுக்களும் பார்த்துக்கொள்கின்றன. ஆகவே உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், தடுப்பு மருந்தை அறுவை முடிந்த பின் நீட்டிக்க வேண்டாம் என்கிறது. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமும் 2017இல், சுத்தமான அறுவைகளில் வடிகுழாய் வைத்திருந்தாலும்கூட அதைக் காரணம் காட்டி நீட்டிக்க வேண்டாம் என்றது.

நீட்டித்தால் நன்மை இல்லாவிட்டாலும் தீமையாவது இல்லை என்று நினைப்பதற்கும் இடமில்லை. 2000இல் வெளியான ஆய்வு ஒன்று இதய அறுவை செய்துகொண்ட 2,641 பேரைப் பின்தொடர்ந்தது. 48 மணி நேரத்துக்கு மேல் மருந்து பெற்றவர்களுக்குக் காயத் தொற்று குறையவில்லை. மருந்தெதிர்ப்புக் கிருமிகள் அவர்களிடம் கூடின. 2019இல் 79,000க்கும் மேற்பட்ட அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மருந்து நீண்ட ஒவ்வொரு நாளுக்கும் சிறுநீரகப் பாதிப்பும் கடுமையான வயிற்றுப்போக்கைத் தரும் ஒரு குடல் தொற்றும் கூடியதே தவிர, காயத் தொற்று குறையவில்லை.

கெமிஸ்ட் கடையில் வாங்கும் மாத்திரையைப் பற்றியும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பலர் கேட்டு வாங்குவது செஃபிக்சைம். தோல் காயத்தில் நாம் அஞ்ச வேண்டிய ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ்மீது அந்த மருந்து சரியாக வேலை செய்வதில்லை. காயத்துக்கு என்று விழுங்குவது காயத்தின் முதல் எதிரியைத் தொடாமல், குடலில் அமைதியாக வாழும் கோடிக்கணக்கான கிருமிகளைத்தான் தாக்குகிறது.

எதிர்ப்பு உடலுக்கு அல்ல, கிருமிக்கு

"இந்த மருந்து என் உடம்புக்குப் பழகிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். பழகுவது உடம்பு அல்ல. கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் ஒரு சிலவற்றுக்கு மருந்திலிருந்து தப்பும் வழி ஏற்கெனவே இருக்கிறது. மருந்து மற்றவற்றைக் கொன்று இடத்தைக் காலிசெய்ய, தப்பியவை அந்த இடத்தில் பெருகுகின்றன. தப்பும் வழிகள் முக்கியமாக நான்கு:

1. மருந்தை வெட்டிச் செயலிழக்கச் செய்யும் நொதியைச் சுரப்பது. பெனிசிலின், செஃபசோலின் வகை மருந்துகளுக்கு எதிரான முதன்மையான வழி இது.

2. உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளுவது.

3. மருந்து நுழையும் துளைகளை அடைத்துக்கொள்வது.

4. மருந்து போய்ப் பற்றிக்கொள்ளும் புரதத்தின் வடிவத்தையே மாற்றிக்கொள்வது. மெத்திசிலின் என்ற ஆண்டிபயாடிக் 1959இல் புழக்கத்துக்கு வந்தது. அதற்குக் கட்டுப்படாத ஸ்டஃபிலோகாக்கஸ் 1961இல் பிரிட்டனில் பதிவானது, இந்த வழியில்.

பாக்டீரியா இந்தத் திறனைத் தன் சந்ததிக்கு மட்டும் கொடுப்பதில்லை. பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையங்களை அருகில் இருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடுகிறது. குடல் இந்தக் கைமாற்றத்துக்கு மிகவும் வசதியான இடம். அறுவைக்குப் பின் ஏழு நாள் மாத்திரை சாப்பிட்டவரின் குடலில் இருந்த சாதுவான ஈ. கோலை பெற்ற எதிர்ப்புத்திறன், பிறகு அவருடைய சிறுநீர்த் தொற்றிலோ, அடுத்த படுக்கையில் இருப்பவரின் காயத்திலோ வெளிப்படலாம்.

அப்படியானால் "முழு கோர்ஸ்" என்ற அறிவுரை தவறா? காசநோய்க்கு அது இன்றும் உயிர்நாடி. அங்கே சிகிச்சையைப் பாதியில் விட்டால், நோயை உண்டாக்கிய கிருமியே தப்பிப் பிழைத்து எதிர்ப்புப் பெறுகிறது. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் உரையில், பெனிசிலினைக் குறைந்த அளவில் பயன்படுத்துவதைப் பற்றி எச்சரித்ததும் இந்த அச்சத்தால்தான். ஆனால் மருத்துவமனைகளை இன்று அச்சுறுத்தும் எதிர்ப்பின் பெரும்பகுதி, சிகிச்சைக்கு இலக்கே ஆகாத குடல், தோல் கிருமிகளில் உருவாகிறது. அவற்றுக்கு மருந்து எத்தனை நாள் படுகிறதோ அத்தனைக்கு, எதிர்ப்புள்ளவை மட்டும் தப்பிப் பெருகும் வாய்ப்பு கூடுகிறது. வயிற்றுக்குள் சீழ் இருந்து, அதை அறுவையால் சரியாக அகற்றிய 518 நோயாளிகளிடம் 2015இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 4 நாள் மருந்து பெற்றவர்களுக்கும் 8 நாள் பெற்றவர்களுக்கும் விளைவில் வேறுபாடு இல்லை. சிகிச்சைக்கே நிலைமை இது என்றால், தொற்றே இல்லாத குடலிறக்கக் காயத்துக்கு ஒரு வாரம் எதற்கு?

தில்லியின் பெயர் தாங்கிய நொதி

2008இல், தில்லியில் மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவிட்டு ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீரில் இருந்த கிளெப்சியெல்லா, கார்பபெனெம் வகை மருந்துகளையும் வெட்டும் புதிய நொதியைச் சுரப்பது தெரியவந்தது. மற்ற மருந்துகள் தோற்றபின் கடைசியாக நம்பும் மெரோபெனெம், இமிபெனெம் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. நொதிக்கு நியூ டெல்லி மெட்டாலோ பீட்டா லாக்டமேஸ்-1, சுருக்கமாக என்.டி.எம்-1, என்று பெயர் வைத்தார்கள். 2010இல் சென்னை, ஹரியாணா, பிரிட்டன் ஆகிய இடங்களின் மாதிரிகளில் அது பரவியிருப்பதை விரிவாகக் காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். நகரத்தின் பெயரைச் சூட்டியது பற்றி நாட்டில் எழுந்த கோபம், கண்டறிந்த செய்தியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது என்பது வருத்தத்துக்குரியது. 2011இல் மத்திய தில்லியைச் சுற்றி எடுத்த 171 தேங்குநீர் மாதிரிகளில் 51இலும், 50 குழாய்நீர் மாதிரிகளில் 2இலும் அந்த மரபணு இருந்ததாக மற்றோர் ஆய்வு தெரிவித்தது.

இதன் பொருள், எதிர்ப்புக் கிருமியை மருத்துவமனையில் மட்டுமே ஒருவர் பெறுகிறார் என்று கொள்ள முடியாது. குடலில் ஏந்திக்கொண்டே அறுவைக்கு வரலாம். அப்போது தடுப்பு ஊசியே பலிக்காமல் போகக்கூடும். வயிற்று அறுவை செய்துகொண்டோரை 66 நாடுகளில் பின்தொடர்ந்து 2018இல் வெளியான ஆய்வில், காயத்தில் தொற்று ஏற்பட்டுக் கிருமிச் சோதனையும் செய்யப்பட்டவர்களில் 21.6 சதவீதத்தினரின் கிருமிகள், அவர்களுக்குக் கொடுத்த தடுப்பு மருந்துக்கே கட்டுப்படாதவையாக இருந்தன. செயற்கை மூட்டும் உறுப்பு மாற்றமும் புற்றுநோய் அறுவையும் இந்தத் தடுப்பை நம்பித்தான் நடக்கின்றன என்பதை நினைத்தால் அந்த எண்ணின் கனம் புரியும்.

நம் மருத்துவமனைகளின் கணக்கு

தில்லியில் இயங்கும் தேசிய நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021-22இல் 20 பெரிய மருத்துவமனைகளில் கணக்கெடுத்தது. படுக்கையில் இருந்த நோயாளிகளில் 71.9 சதவீதத்தினருக்கு ஆண்டிபயாடிக் கொடுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. மருந்து எழுதியதில் 55 சதவீதம் தடுப்புக்காக. சிகிச்சைக்காகக் கொடுத்தவற்றிலும், எந்தக் கிருமி என்று கண்டறிந்து கொடுத்தது 6 சதவீதம் மட்டுமே.

மருத்துவர்கள் அறியாமல் எழுதுகிறார்கள் என்று இதை முடித்துவிடுவது நியாயமாகாது. நெரிசலான வார்டு, கைகழுவும் தொட்டி போதாமை, சோதனை முடிவு வர ஆகும் தாமதம், "காயம் பழுத்தால் யார் பொறுப்பு" என்று கேட்கும் உறவினர்கள் எல்லாம் சேர்ந்து அந்தக் கூடுதல் வரியை எழுதவைக்கின்றன. சுத்தம் செய்ய வேண்டிய வேலையை மருந்தின் தலையில் கட்டுகிறோம்.

சட்டம் இல்லாமலும் இல்லை. மருந்து விற்பனை விதிகளில் 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள எச்1 அட்டவணைப்படி, செஃபிக்சைம் உட்படப் பல ஆண்டிபயாடிக்குகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது. மருத்துவர், நோயாளி பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் மத்தியச் சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம், ஆண்டிபயாடிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் எழுத வேண்டும் என்று மருத்துவக் கல்லூரி மருத்துவர்களுக்குக் கடிதம் அனுப்பியது. டிஸ்சார்ஜ் தாளில் ஆண்டிபயாடிக் இருந்தால் "இது எதற்காக, எத்தனை நாள்" என்று கேட்பதற்கு நோயாளிக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேண்டியதில்லை.

மாத்திரை செய்யாததைச் செய்பவை

காயத் தொற்றைக் குறைப்பதாக நிரூபணமான பல வழிகளில் நோயாளியின் வீட்டாருக்கும் பங்கு உண்டு. அறுவைக்கு முன் நன்றாகக் குளிப்பது, புகைப்பதை நிறுத்துவது, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது ஆகியவை தெரிந்தவை. தெரியாதது ஒன்று உண்டு: முந்தைய இரவே சவரக்கத்தியால் மழித்துக்கொண்டு வராமல் இருப்பது. கத்தி தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கி, அவற்றில் இரவு முழுவதும் கிருமி பெருக இடம் கொடுக்கிறது. முடியை நீக்கியே ஆகவேண்டுமென்றால், கத்தரிக்கும் கருவியால் நீக்குவதே சரி. அரங்கில் உடல் குளிர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்: 1996இல் பெருங்குடல் அறுவையில் நடத்திய ஆய்வில், உடல் வெப்பத்தைக் காத்தவர்களில் 6 சதவீதத்தினருக்கும், குளிர விட்டவர்களில் 19 சதவீதத்தினருக்கும் தொற்று ஏற்பட்டது. பழக்கத்தின்பேரில் எழுதும் கூடுதல் மாத்திரைகள் இவ்வளவு வேறுபாட்டைத் தருவதில்லை.

காயம் பழுத்தால்

அறுவையிலிருந்து 30 நாளுக்குள், செயற்கைப் பொருள் வைத்த பல அறுவைகளில் 90 நாளுக்குள், வரும் தொற்றையே அறுவைக் காயத் தொற்று எனக் கணக்கிடுகிறார்கள். தையல் ஓரத்தில் முதல் நாள்களில் தெரியும் லேசான சிவப்பும், ஊறும் சிறிதளவு தெளிந்த நீரும் ஆறுவதன் பகுதிகளே. சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, குறைந்துவந்த வலி மீண்டும் கூடுவது, காயம் சூடாகி வீங்குவது, சீழ் வடிவது, காய்ச்சல் வருவது ஆகியவை கண்டால் அறுவை செய்தவரிடமே காட்ட வேண்டும். பெரும்பாலும் அவர் முதலில் செய்வது ஓரிரு தையல்களைப் பிரித்துச் சீழை வெளியேற்றுவதுதான். சிறு தொற்றுகளில் அதுவே சிகிச்சையின் பெரும்பகுதி.

அந்தச் சீழைச் சோதனைக்கு அனுப்பினால், ஆய்வகத்தில் கிருமியை வட்டத் தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, மருந்து தோய்த்த 6 மில்லிமீட்டர் காகித வில்லைகளை அதன்மேல் வைக்கிறார்கள். மறுநாள் பார்த்தால், சில வில்லைகளைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வளையம் இருக்கும். வேறு சிலவற்றில் வளையமே இல்லாமல் படலம் வில்லையின் விளிம்பு வரை முட்டிக்கொண்டு நிற்கும். வளையத்தின் அகலத்தை அளந்துதான் அறிக்கையில் மருந்தின் பெயருக்கு நேராக 'எஸ்' என்றோ 'ஆர்' என்றோ எழுதுகிறார்கள். முன்னது கட்டுப்படும், பின்னது கட்டுப்படாது. 'எஸ்' என்று இருப்பவற்றில் எது குறைவான கிருமி வகைகளை மட்டும் தாக்குமோ அதைத் தேர்ந்தெடுப்பது மருத்துவரின் பொறுப்பு.

இந்தச் சோதனைக்கான சீழை மருந்து தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். காயம் சிவந்ததும் கெமிஸ்ட் கடையில் வாங்கி இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு வந்தவரின் மாதிரியில் எதுவும் வளராமல் போகலாம். அதன் பிறகு எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமலேயே, பல வகைக் கிருமிகளையும் ஒருசேரத் தாக்கும் மருந்தை ஊகத்தின்பேரில் ஏற்ற வேண்டிய நிலைக்கு மருத்துவர் தள்ளப்படுகிறார்.